பெற்றோர் கையொப்பம்

கோழி விருந்துகளில் ஊற்றுகிற அந்தப் பழுப்புக் குழம்பு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் தேவாலயக் கூடத்தில் விருந்து வைப்பார்கள். பெயர்தான் கோழி விருந்து. தட்டில் விழுவது வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சுருள், எல்லாவற்றின் தலையிலும் அந்தக் குழம்பு. கட்சித் தலைமைக்குப் போட்டியிடுகிறவள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்த இலையுதிர்காலத்தில் பதினான்கு ஊர்களில் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். கடைசி ஊரில் எனக்குப் பரிமாறிய அம்மாள் நடுவில் இரண்டு தடவை வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் சாப்பிட்டேன். அவர் வீட்டில் நான்கு ஓட்டு இருந்தது.

சுற்றி வளைப்பதாக நினைக்காதீர்கள், நீதிபதி அம்மா. ஹெக்லண்ட் முதியோர் இல்லத்துக்குள் வாந்தி நோயைக் கொண்டுவந்தது யார் என்பதுதானே உங்கள் விசாரணைக் குழுவின் கேள்வி. ஒன்பது பேர் செத்தார்கள். ஆறு வருஷமாக ஊரே டானிஸ் டெஜார்லே என்ற பணிப்பெண்ணைக் கைகாட்டுகிறது. உங்கள் மேசைமேல் இருக்கிற இருபத்தொரு வாக்குச்சீட்டு உறைகளிலும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான் என்பதால், அவளைச் சிறைக்கே அனுப்பிவிடலாம் என்று இப்போது பேசுகிறார்கள். அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். உறையில் தேதியை எழுதிய கை யாருடையது என்று நிபுணர் நாளைக்குச் சொல்லப்போவதற்கும், நான் இன்றைக்கே வந்ததற்கும் சம்பந்தமில்லை.

என் பெயர் வெர்னா தோர்லக்சன். முப்பத்தோரு வருஷம் ஹெக்லண்ட் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்தேன். பள்ளியை மூடப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசினேன், மூடவில்லை. அடுத்த தேர்தலில் என்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அரசியலில் பொய் பேசுவது கஷ்டம் என்பார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது கைகுலுக்கல்தான். ஒரு நாளைக்கு இருநூறு வியர்த்த கைகள். மூக்கைத் துடைத்த கை, மாட்டுக்கொட்டிலிலிருந்து நேரே வந்த கை. சிரித்துக்கொண்டே குலுக்குவேன். வீட்டுக்கு வந்ததும் தோல் சிவக்கத் தேய்ப்பேன்.

தலைமைப் போட்டியில் என்னை எதிர்த்து நின்றவன் வேட் கோஸ்டியுக். டிராக்டர் விற்கிறவன். அவனும் என் வகுப்பில் படித்தவன்தான். ஒன்பது வயதில் எப்படிச் சாப்பிட்டானோ அப்படியேதான் நாற்பத்தைந்திலும் சாப்பிட்டான்.

"தோத்துட்டா அழக்கூடாது டீச்சர், சரியா?" என்று அந்தக் கடைசி விருந்தில் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு கேட்டான்.

"முதல்ல வாயை மூடிட்டு மெல்லுடா."

கூடமே சிரித்தது. ஆனால் கணக்கு அவன் பக்கம்தான் இருந்தது. தபால் வாக்கெடுப்பு. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அஞ்சலில் சேர்ந்த சீட்டுகள்தான் செல்லும். பத்து, இருபது ஓட்டில் தோற்பேன் என்று என் ஆட்கள் சொன்னார்கள். அப்படி மெல்லுகிற ஒருவனிடம் கட்சியை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் முதியோர் இல்லம் நினைவுக்கு வந்தது. கோடையில் அங்கே ஐஸ்கிரீம் விருந்து வைத்து இருபத்தொரு பேரைக் கட்சி உறுப்பினராக்கியது என் ஆட்கள். அவர்களுடைய சீட்டுகள் இல்லத்து அலுவலகத் தட்டில் பிரிக்காமல் கிடந்தன. பக்கத்து ஊர் இல்லத்தில் வாந்தி நோய் பரவுகிறது என்று சொல்லி ஒரு வாரமாக வெளியாட்கள் யாரையும் உள்ளே விடவில்லை.

மறுநாள் விடியும்போதே எனக்கு ஆரம்பித்துவிட்டது. மதியத்துக்குள் நாலு முறை வாந்தி. இரண்டு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு இல்லத்தின் பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். டானிஸ்தான் எட்டிப் பார்த்தாள்.

"யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர் டீச்சர். நல்லவேளை, இங்க இன்னும் ஒருத்தருக்கும் வரல."

"அப்ப என்ன பயம்? கதவைத் திற."

"உங்க மூஞ்சியே வெளிறிக் கெடக்கே. உடம்பு சரியில்லையா?"

"பதினாலு ஊர் சுத்தினா யார் மூஞ்சி வெளிறாது? எனக்கு ஒண்ணுமில்ல. திற, டானிஸ்."

என் வகுப்பில் கழிவறைக்குப் போகக்கூட என் முகத்தைப் பார்த்து நின்ற பிள்ளை அவள். முப்பத்தைந்து வயதிலும் திறந்தாள்.

அந்த அறைகளின் வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மூத்திரமும் வெந்த காலிஃபிளவரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் அறைக்குள் போனேன். வாக்குச்சீட்டு, உறை, உறுதிமொழி என்று விளக்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டேன். தேவைப்படவில்லை. என்னைப் பார்த்ததும் ஆர்னி ஸ்வீன்சன் கட்டிலில் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன டீச்சரம்மா, எம்பையன் மறுபடி ஜன்னலை ஒடச்சிட்டானா?"

பையனுக்குப் போன வருஷம்தான் பேத்தி பிறந்திருக்கிறாள். ஒரு கணம் யோசித்தேன்.

"இல்லைங்க, நல்லாப் படிக்கிறான். இது அவனோட ரேங்க் கார்டு. பெற்றோர் கையெழுத்து மட்டும் வேணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டார். அதற்குப் பிறகு எல்லா அறையிலும் அதையே சொன்னேன். பேனா பிடிக்க வராதவர்களின் கையைப் பிடித்து எழுத வைத்தேன். சீட்டில் குறியை நானே போட்டேன். டானிஸ் பின்னாலேயே வந்து நான் காட்டிய இடத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். தேதி எழுத அவள் தடுமாறியதால் அதையும் நானே எழுதினேன். இதில் வற்புறுத்தல் எங்கே இருக்கிறது? ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆறாவது அறையில் அடக்க முடியவில்லை. ஹெல்கா பார்டாலின் கைகழுவும் தொட்டியில் வாந்தியெடுத்தேன்.

"என்ன டீச்சரம்மா, மசக்கையா?" என்று கட்டிலிலிருந்து அக்கறையாகக் கேட்டாள். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அவள் துண்டில் முகத்தைத் துடைத்தேன். மடித்து அதே கம்பியில் திரும்ப மாட்டினேன். துண்டு கசங்கிக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

கடைசி அறையில் ஓலெனா கோஸ்டியுக். வேட்டின் அம்மா.

"வேட் பாஸாயிட்டானா டீச்சரம்மா?"

"பாஸ்தான். ரெண்டாவது ரேங்க் வருவான்."

"ரெண்டாவதா? எம்புள்ளையா?" என்று சிரித்து, என் கையை இழுத்து முத்தம் கொடுத்தாள். எச்சில் பட்டது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கையெழுத்து இருபத்தொன்றிலும் அழகானது, நீங்களே பாருங்கள்.

பதின்மூன்று ஓட்டில் ஜெயித்தேன். ஓலெனா நாலாம் நாள் இறந்தாள். முதலில் போனது அவள்தான். அடக்கத்தன்று வேட் என் தோளில் சாய்ந்து, "கடைசில பக்கத்துல யாருமே இல்லாமப் போயிட்டாங்க டீச்சர்" என்று அழுதான். தட்டிக்கொடுத்தேன். நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

மற்ற எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக என் முதல் பேச்சு. எழுதி வைத்ததை ஓரம் தள்ளிவிட்டு, வகுப்பில் வருகை எடுப்பதுபோல ஒன்பது பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் 'உள்ளேன்' வருமா என்று காத்திருந்தேன். சுகாதார அமைச்சர் இரண்டு வாரத்தில் பதவி விலகினார். மாகாணத்தின் மனசாட்சி என்று பத்திரிகைகள் எழுதின. விசாரணைக் குழு வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்டேன். கொடுக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் கேட்டேன்.

நான் இல்லத்துக்குப் போய்வந்த அடுத்த வாரம் டானிஸின் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதை வைத்து, நோயைக் கொண்டுவந்தவள் டானிஸ்தான் என்று நிர்வாகம் முடிவுகட்டி வேலையைவிட்டு நிறுத்தியது. நானும் சபையில் 'கவனமில்லாத ஒரு பணியாளர்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் போன் செய்தாள்.

"நீங்க வந்தத சொல்லிடட்டுமா டீச்சர்? வேற எங்கயும் வேலை தரமாட்டேங்கறாங்க. எம்பொண்ண ஸ்கூல்ல வாந்தி, வாந்தின்னு கூப்பிடுறாங்க."

"சொன்னா யாரைப் பிடிப்பாங்க, யோசிச்சுப் பாரு. பூட்டின கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"அப்ப வாயை மூடிட்டு இரு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினேன். அவள் ஏரிக்கரையில் மீன் அறுக்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த நாற்றத்தை எப்படித்தான் தாங்குகிறாளோ.

நேற்று சாட்சிக் கூண்டில், யாரை உள்ளே விட்டாய் என்று நீங்கள் கேட்டபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தலையை இப்படி லேசாக ஆட்டினேன், வேண்டாம் என்று. "ஞாபகமில்லீங்க" என்றாள்.

கையாவது கழுவினேனா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கிறார். ஆறாவது அறையைவிட்டு வெளியே வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஐந்து மணிக்குத் தபால் நிலையம் மூடிவிடும், இன்னும் பதினைந்து பேர் பாக்கி. கழுவவில்லை. எனக்கு நோய் இருக்கிறது என்று தெரியும். அது எப்படி ஒட்டும் என்பதும் தெரியும், முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தவள் நான். ஒன்பது பேரும் செத்தது என்னால்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

டானிஸ் வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். இங்கே முடிந்ததும் நானே போய், உன் பேரைச் சுத்தம் பண்ணிட்டேன், இனிமே நீ தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று சொல்லப்போகிறேன். அவள் எழுந்து நின்று நன்றி சொல்வாள். அவளுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகும் சொல்லாமல் போனாள் என்றால், அதற்குப் பெயர் நன்றிகெட்டதனம்.