லம்பத்து மேட்டுப் புற்றுமண்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஈப்போவிலிருந்தும் தஞ்சோங் மாலிமிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, இந்தப் பழைய ரப்பர் தோட்டத்து மக்களே, வணக்கம். ஆலயத் தலைவன் என்ற முறையில் இந்தப் படத்துக்கு மாலை போட்டுவிட்டேன்.

மண்ணியல் அறிஞர் முனைவர் மீனாள் அம்மையார் சென்ற வாரம் மாரடைப்பால் மறைந்தார். செட்டிநாட்டு வழிவந்த வசதியான குடும்பம். அவருக்கு நம் தோட்டத்தில் என்ன வேலை? நம் மாரியம்மனைக் கும்பிட வந்தவர் அவர்! பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கோயிலுக்குப் பின்னால் அந்தக் காலத்து ஈய லம்பம், வெள்ளீயம் எடுத்த சுரங்கம். அங்கே தோண்டிக் கொட்டிய மேட்டில்தான் புற்று இருக்கிறது. அன்னதானக் கீரையும் அங்கேதான் விளைந்தது.

சோதித்தார். மண்ணில் காரீயமும் ஆர்செனிக்கும் அளவு மீறி இருந்தன. கீரையின் வேர் அவற்றை இலைவரை ஏற்றியிருந்தது. எவ்வளவு தளதளப்பான கீரை! பார்த்தால் யார் நம்புவார்?

நம் பூசாரி சின்னையா அண்ணன் அன்று கொதித்துப்போனார். “எங்க பாட்டன் காலத்துலேருந்து காய்ச்சல்னா இந்த மண்ணத்தான் நாக்குல வைக்கிறோம். ஆத்தாவுக்கே குத்தம் சொல்றீங்களா?”

அம்மையார் குரலை உயர்த்தவில்லை. “ஆத்தாமேல எனக்கு என்னண்ணே கோவம்? லம்பத்து மண்ணுமேலதான். நெத்தியில வைங்க, வாயில வேணாம்லா. பிள்ளைங்க ரத்தத்த மட்டும் ஒருதரம் பாத்துருவோம்.”

பார்த்தோம். அண்ணனின் பேத்தி தினேஸ்வரியின் ரத்தத்திலும் காரீயம். அது பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் என்றார்கள். எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளைகளை மக்கு என்று திட்டியது இந்த ஊர்! எத்தனை பிள்ளைகள்? அவர்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

கீரையை அம்மையாரும் சின்னையா அண்ணனும் சேர்ந்தே பிடுங்கினார்கள். ஆனால் புற்று? சாமி குடியிருக்கும் புற்றை யார் தொடுவது? சுற்றி வேலி போடுங்கள் என்று அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்தார். திருவிழா முடியட்டும் என்றோம். திருவிழா முடிந்தது, அம்மையாரும் போய்விட்டார்.

இந்தச் சபையில் சொல்கிறேன்: நாளைக் காலை வேலி நிற்கும். இனி நம் ஆலயத்தில் திருநீறு மட்டுமே பிரசாதம். அம்மையார் தொடங்கிய ரத்தச் சோதனையை வீடு வீடாகக் கொண்டுபோவோம். எந்தத் தாயும் இனிமேல்…

மன்னியுங்கள். பின்வரிசையில் என் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் பேரன். நேற்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சல்.

ஷாமினி! கையில என்னம்மா அது? கையத் திற. ஐயோ, பிள்ளை வாயத் தொடைம்மா! யாராவது தண்ணி கொண்டாங்க லா!