ரெண்டு பேரும் சம்மதிச்ச பகல்

மொறிஸ்: கையை எடுங்க விதானையார், விரல் போயிடும். இப்ப சுத்துங்க... மெதுவா.

விதானை: சுத்துது பாஸ். மெய்யாத்தான் சுத்துது.

மொறிஸ்: இன்னும் ரெண்டு சுத்து... காணும். இப்ப கீழ பாருங்க.

விதானை: தண்ணி... பாஸ், தண்ணி வாய்க்கால்ல விழுது. இருவது நாளா இறுகிக் கிடந்த துரிசுக் கதவு.

மொறிஸ்: அழுறீங்களா?

விதானை: ஆர் அழுற? கிறீஸ் கண்ணுல பட்டுட்டு.

மொறிஸ்: கிறீஸ் என்ர கையிலதானே கிடக்கு.

விதானை: உடுங்க பாஸ். முந்நூறு ஏக்கர் வெள்ளாம, எல்லாம் கதிர் வாற குடலைப் பருவம். இன்னும் நாலு நாள் தண்ணி போகாட்டி கதிரெல்லாம் பதர்தான். வட்டையில வயல் செய்யிற சனம் முழுக்க என்ர வாயத்தான் பாத்துக்கொண்டு இருந்த. குளம் நிறையத் தண்ணி கிடக்கு, கதவு திறக்க ஏலா எண்டா, தண்ணி பங்கிடுற விதானை எண்டு சொல்லிக்கொண்டு நான் எந்த மூஞ்சியோட றோட்டால போற?

மொறிஸ்: மணி எத்தின?

விதானை: ரெண்டரை. நாலு மணி வரைக்கும்தானே ஆமி மேஜர் தந்த?

மொறிஸ்: ஓம். நாலு மணி மட்டும் இந்தப் பக்கம் ஷெல் அடிக்கமாட்டாங்களாம். உங்கட இயக்கப் பொறுப்பாளர்?

விதானை: அவரும் நாலுதான். அது மட்டும் இயக்கப் பொடியனுகள் ஆமியோட சண்டை கொளுவமாட்டாங்க... அது என்ன சத்தம்?

மொறிஸ்: எங்க?

விதானை: அந்தா, காட்டுப் பக்கம். குனிங்க பாஸ்... இன்னும் குனிங்க.

மொறிஸ்: குனிஞ்சிட்டன். ஆள் தெரியுதா?

விதானை: கிட்ட வருது.

மொறிஸ்: விதானையார்... அது லேண்ட்மாஸ்டர் உழவு மெசின். உன்னிச்சைப் பக்கம் இருந்து ஆரோ விறகு ஏத்திக்கொண்டு வாறான்.

விதானை: ஒழும்புங்க. நீங்க ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுறீங்க? ரெண்டு பேரும் சம்மதிச்சதுதானே.

மொறிஸ்: நீங்கதானே முதல் குனிஞ்ச.

விதானை: நான் பழக்கத்தில குனிஞ்சன்.

மொறிஸ்: நானும் பழக்கத்திலதான்.

விதானை: சரி, உங்கட மெக்கானிக் சாமானைக் கட்டுங்க. ஆமிக் காவல் சென்றி தெரியிற இடம் வரைக்கும் நானும் வாறன். கதைச்சுக்கொண்டு போனா தூரம் தெரியா.

மொறிஸ்: சைக்கிள உருட்டுவம். ரெண்டு டயருக்கும் காத்துக் காணாது.

விதானை: செவ்வாக்கிழமை கதவு திருத்த உடச் சொல்லிக் கேக்க நீங்க ஆமிக் கேம்புக்குப் போன, நான் பொறுப்பாளரிட்டப் போன. மறுகா உங்களிட்ட இருந்து 'சரி' எண்ட ஒரு சொல்லுத்தான் வந்த. ஆறுதலா ஒரு கதை கதைக்கக் கிடைக்கல்ல. சொல்லுங்க பாஸ், மேஜர் எப்பிடியான ஆள்?

மொறிஸ்: ஒல்லி. கண்ணாடி போட்ட ஆள். என்ன நிக்க வச்சிட்டு, கிறீஸ் டின்னத் திறந்து மணந்து பாத்தார். இது எதுக்கு, இந்த இரும்பு எதுக்கு, எத்தின அடி... எல்லாத்தையும் கொப்பியில எழுதினார். ஆணியையும் எண்ணினார்.

விதானை: எங்கட ஆளிட்ட பேப்பரும் இல்ல, பேனையும் இல்ல. எல்லாம் தலைக்குள்ள. போன வருசக் கூட்டத்துக்கு நான் எந்த நிறச் சேட்டுப் போட்டு வந்த எண்டும் சொன்னார்.

மொறிஸ்: பயமா இருந்திருக்குமே.

விதானை: பின்ன இல்லாம? ஆனா இருக்கச் சொன்னார். பால் தேத்தண்ணி தந்தார்.

மொறிஸ்: எனக்கு வெறுந் தேத்தண்ணி. சீனியும் குறைவு.

விதானை: பாத்தீங்களா? அதிலயே எங்கட ஆள் ஒரு படி மேல.

மொறிஸ்: எங்கட ஆள் எங்கட ஆள் எண்டு தூக்கிப் பிடிக்காதீங்க. மாசியில உங்கட அக்காட மகன வீட்டுக்குள்ள வந்து இயக்கத்துக்கு எண்டு கூட்டிக்கொண்டு போன ஆரு?

விதானை: ஓம். அக்கா இன்னும் அவனுக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறா.

மொறிஸ்: சொல்லியிருக்கப்படாது. குறை நினைக்காதீங்க.

விதானை: உங்கட மேஜர்ர ஆக்கள் மட்டும்? சந்தைக்குப் போன நாலு பொடியனுகள் இன்னும் வீடு வரல்லையே.

மொறிஸ்: என்ர மேஜர் எண்டு நான் எப்ப சொன்ன? உங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறதால எனக்கும் ஒரு ஆளத் தலையில கட்டுறீங்க.

விதானை: நல்லவன் ஆர் எண்டு நான் கேக்கல்ல பாஸ். அந்தக் கணக்கு நம்மளுக்கு ஏலா. ஒருத்தர் நாட்டப் பிரிச்சுத் தா எண்டு நிக்கார், மத்தவர் பிரிக்க உடமாட்டன் எண்டு நிக்கார். சண்டைக்கு ஆர் விண்ணன், ஆர் கெட்டிக்காரன்? அதச் சொல்லுங்க.

மொறிஸ்: மேஜர் அவசரப்படுற ஆள் இல்ல. ஒவ்வொரு நாளும் விடிய ஒழும்பி, கண்ணிவெடி இருக்கா எண்டு றோட்ட அங்குலம் அங்குலமா நடந்து பாத்திட்டுத்தான் லொறியை உடுவாராம். தானும் கூட நடப்பாராம்.

விதானை: பொறுப்பாளர் ஒரு இடத்தில ரெண்டு ராத்திரி படுக்கமாட்டார். அவர்ர பாயை அவரே சுருட்டுவார். காவலுக்கு நிக்கிறவனுக்கும் எங்க போறார் எண்டு தெரியா.

மொறிஸ்: அப்ப ரெண்டு பேருக்கும் நித்திரை இல்ல.

விதானை: நம்மளுக்கும்தான்... மேஜர் பொறுப்பாளரப் பத்தி ஏதும் கேட்டாரா?

மொறிஸ்: ஏன் கேக்கிறீங்க?

விதானை: சும்மாதான்.

மொறிஸ்: கேட்டார். அவனுக்கு எத்தின வயசு, கலியாணம் முடிச்சவனா, வயல் வேலை தெரிஞ்சவனா எண்டு. தான் பொலநறுவைப் பக்கம் வயல் செய்யிற குடும்பமாம். கதிர் வாற நேரம் வயல் வெடிச்சுக் கிடந்தா எப்பிடி இருக்கும் எண்டு தனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லையாம்.

விதானை: அப்பிடியா சொன்ன? ... நல்லாத்தான் சொல்லியிருக்கார். பொறுப்பாளரும் கேட்டார். மேஜர் சொன்ன சொல்லில நிக்கிற ஆளா எண்டு.

மொறிஸ்: நீங்க என்ன சொன்ன?

விதானை: தங்கமான ஆள் எண்டன்.

மொறிஸ்: நீங்க அவரக் கண்டதே இல்லையே.

விதானை: கண்டவன் மாதிரிச் சொன்னன். ஏன் பாஸ், நீங்க பொய்யே சொல்றல்லையா?

மொறிஸ்: நாங்க வேதக்காரர், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் செஞ்ச பாவத்தச் சாமியாரிட்டச் சொல்லணும். அதால யோசிச்சுத்தான் சொல்ற.

விதானை: அங்க பாருங்க, வாய்க்காலப் பாருங்க. நம்மள முந்திக்கொண்டு ஓடுது தண்ணி.

மொறிஸ்: வரம்பில நிண்டு கை காட்டுறது ஆரு?

விதானை: கண்ணகை. புருசன் செத்த பிறகு தனிய ரெண்டு ஏக்கர் செய்யிற மனிசி. நேத்து வந்து, 'விதானையார், நான் இனி வயலுக்குள்ள மாட்ட அவுத்து உடட்டா' எண்டு கேட்டவ. இப்ப முழங்கால் வரைக்கும் இறங்கி நிக்கா, பாருங்க... இது காணும் பாஸ் எனக்கு.

மொறிஸ்: வாவிக் காத்து வருது. அந்தா சென்றி. இனி வீட்ட போய்ச் சேர்ந்த மாதிரித்தான்.

விதானை: நில்லுங்க. இதுக்கு அங்கால நான் வர ஏலா. போறதுக்கு முதல் ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது.

மொறிஸ்: சொல்லுங்க.

விதானை: தண்ணிக்காக ரெண்டு பேர் மண்வெட்டியோட நிண்டா, நான் இவனிட்ட வந்து 'அவன் ஓம்பட்டிட்டான், சம்மதமாம்' எண்டு சொல்லுவன். அவனிட்டப் போய் 'இவன் ஓம்பட்டிட்டான்' எண்டு சொல்லுவன். பதினாறு வருசமா வட்டையில அப்பிடித்தான் தண்ணி பங்கிட்ட. மத்தவன் பெரிய மனசுக்காரன் எண்டு பேர் எடுத்திட்டுப் போறத எவனும் பொறுக்கமாட்டான்.

மொறிஸ்: ம்.

விதானை: பொறுப்பாளரிட்டயும் வாய் பழக்கத்தில அப்பிடியே வந்திட்டு. மேஜர் முதலே சம்மதிச்சிட்டார் எண்டு சொல்லிட்டன்.

மொறிஸ்: எத்தின மணிக்கு?

விதானை: காலம எட்டு மணி இருக்கும்.

மொறிஸ்: அந்த நேரம் நான் கேம்பு வாசல்லதான் நிண்டன், மேஜரக் காணவே இல்ல.

விதானை: தெரியும். ஏசுங்க பாஸ். மேஜர் ஏலா எண்டு சொல்லியிருந்தா என்ன இந்தக் குளக்கட்டிலயே சுட்டுத் தாட்டிருப்பாங்க. உங்கட 'சரி' வாற மட்டும் எனக்குச் சோறு இறங்கல்ல... என்ன, சிரிக்கிறீங்க?

மொறிஸ்: மேஜர் என்ன இலேசில ஓம்பட்டவர் எண்டா நினைக்கிறீங்க? முதல் கேள்வியே, அங்கால உள்ளவன் என்ன சொல்றான் எண்டுதான்.

விதானை: நீங்க என்ன சொன்ன?

மொறிஸ்: அவர் முதலே சம்மதிச்சிட்டார் எண்டு.

விதானை: பாஸ்... அப்ப அந்த நேரம் ஒருத்தரும் சம்மதிக்கல்லையா?

மொறிஸ்: ஒருத்தரும் இல்ல. நீங்களும் நானும்தான்.

விதானை: ஆணியையும் எண்ணுற மனிசன், உங்கட வாய்ச்சொல்ல நம்பினாரா?

மொறிஸ்: எங்க நம்பின? பொறுப்பாளர்ர கடிதம் இருக்கா எண்டு கேட்டார். இருக்கு எண்டு சேட்டுப் பைக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியா, என்னையே சிங்களத்தில சொல்லச் சொன்னார். சொன்னன். எழுத்து நல்ல எழுத்து, படிச்ச ஆள்தான், இவனோட ஒரு நாள் இருந்து கதைக்கலாம் எண்டு சொல்லி, கொப்பிக்குள்ள பத்திரமா வச்சிட்டார்.

விதானை: கடிதமா? ஆர் எழுதின கடிதம் பாஸ்?

மொறிஸ்: நீங்கதான். மகள் பெரிய பிள்ளையான சாமத்தியக் கலியாணத்துக்கு, குடும்பத்தோட வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகணும் எண்டு எழுதி, கீழ உங்கட பேர் 'நல்லரத்தினம்' எண்டு வளைச்சு வளைச்சுக் கையொப்பம் வச்சு எனக்கு அனுப்பினீங்களே, அந்தத் துண்டுதான்.