சொந்தப் புகைபோக்கி

எங்கள் ‘துறைமுக விடியல்’ நாளேட்டின் உரிமையாளர், மீன் மாவு ஆலையின் அதிபர், எனக்கு மாதாமாதம் சம்பளம் தருபவர் ஆகிய மூவருக்கும் என் முதல் வணக்கம். மூவரும் இங்கே ஒரே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார்கள். விழாத் தலைவரான அந்த ஒருவருக்குத் தோன் அன்செல்மோ சவலேத்தா என்று பெயர். அலையோடு மல்லுக்கட்டும் மீனவர் சங்கத்து ஆன்றோர்களே, பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் துறைமுகக் குடியிருப்புத் தாய்மார்களே, செய்தி ஆசிரியன் எவெரார்தோவாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் சான் எவாரிஸ்தோ ஊருக்கு நெத்திலி அழகு. அந்த நெத்திலியை வேகவைக்கும் ஆலைப் புகையோ... வேண்டாம், தலைவர் பார்க்கிறார். நாற்றம் அடித்தபோது, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனான செவிச்சேயைத் தின்றவன் எலுமிச்சையைக் குறை சொன்னான். தேவாலயத்தில் மண்டியிட்டவள் பாதிரியாரைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஊரே மூக்கைப் பிடித்தது; எங்கள் பத்திரிகைக்கு மட்டும் தீராத சளி. மேயரின் ஊழல் எங்களுக்கு மணந்தது, சுங்கத்தின் லஞ்சம் மணந்தது, முதலாளியின் புகைபோக்கி மட்டும் மணக்கவே இல்லை. சிரிக்கிறீர்களே பின்வரிசைத் தோழர்களே, உங்களில் யார் மாமியார் வீட்டுச் சமையலைக் குறை சொல்லியிருக்கிறீர்கள்?

அப்போதுதான் எங்கள் நிருபர் நேலிதா சுங்கா, மருத்துவமனை வாசலில் போய் நின்றாள். ஆலை கொதிக்கும் நாளெல்லாம் அங்கே இருமும் பிள்ளைகளின் வரிசை நீண்டது. புகை வடிகட்டி பழுதாகிக் கிடப்பதை ஆலைத் தொழிலாளர்களே சொன்னார்கள். எழுதினாள். எழுதியபின் மறுதரப்பைக் கேட்க வேண்டுமே? மறுதரப்பு எங்கள் அலுவலக மாடியிலேயே இருந்தது. ஏறினாள்.

“என்னம்மா, சம்பள உயர்வா?”

“இல்லீங்க ஐயா. உங்க ஆலையைப் பத்தி ஒரு கேள்வி. ‘துறைமுக விடியல்’லேருந்து வந்திருக்கேன்.”

“நீ எங்கேருந்து வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? எழுதினதைக் கொண்டா, படிச்சுப் பாக்கறேன்.”

“செய்தியில இருக்கறவங்களுக்கு முன்கூட்டியே காட்டறதில்லீங்க. மேயர் கேட்டப்போ நீங்க போட்ட விதிதானே அது?”

அடுத்த நிமிடம் என் தொலைபேசி அலறியது.

“எவெரார்தோ, நாளைக்கு இது வந்துச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு இங்க வேலை கிடையாது.”

நேலிதாவின் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“சரிங்க ஐயா. அப்ப அதையும் செய்தியாப் போடணும். அதுக்கும் உங்க கருத்து வேணும். இப்பவே சொல்லிடறீங்களா?”

தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பக்கத்தில் புகைபோக்கி வந்தது. முதலாளி முனைக்கடையில் காசு கொடுத்து வாங்கி, நின்றபடியே படித்தார். பிறகு நேராக என் மேசைக்கு வந்தார்.

“படத்துல என் வயிறு பெருசாத் தெரியுது.”

“மத்ததெல்லாம் சரியா இருக்கா ஐயா?”

மாடியேறிவிட்டார். நேலிதா தன் நாற்காலியிலேயே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் அல்ல.

என் இனியவர்களே, எது சுதந்திரம்? எதிரியின் கதவைத் தட்டுவதா? அதை எந்தத் துடுக்கனும் செய்வான். எந்த மேசையில் எழுதுகிறோமோ, அந்த மேசையை வாங்கித் தந்தவரின் கதவைத் தட்டுவதல்லவா சுதந்திரம்? ஆலை அவருடையது. அச்சு இயந்திரம் அவருடையது. நான் முழங்கும் இந்த ஒலிபெருக்கியின் வாடகையும் அவருடையது. கோபமும் அவருடையது, தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் இருமுகிற பிள்ளையின் மூச்சு யாருடையது? அந்த மூச்சைப் பற்றிய செய்தி யாருடையது?

தலைவர் அவர்களே, தடுக்கும் வலிமை இருந்தும் தடுக்காமல் விட்டீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி, இதில் கேலி இல்லை. வடிகட்டியை மாற்றுவதாகப் பின்னர் சொன்னீர்கள், அச்சிட்டோம். இன்னும் மாற்றவில்லை, அதையும் அச்சிடுவோம். நேலிதா வாசலில் நிற்கிறாள். பக்கவாட்டில் பார்க்காதீர்கள் ஐயா, இந்த மண்டபத்துக்கு வேறு வாசல் கிடையாது, விசாரித்துவிட்டோம். எப்போது மாற்றுவீர்கள் என்று இந்தத் தாய்மார்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைய முதல் பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் நன்றி கூறி, முதலாளிக்குத் தனியாக ஒரு வணக்கமும் சொல்லி அமர்கிறேன்.