விழுகிறவனின் கை

என் தங்கை புருஷன் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். நல்ல பையன்தான், கையில் காசுதான் தங்காது. இரண்டு பேரும் ஒரே சாரத்தில் நின்று கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள். பணம் வராது என்று தெரிந்ததும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படம் வரைய அவன் வந்து நிற்க வேண்டும், ஒரு தடவைக்கு நூறு கழியும்.

படம் வரைய யாரிடம் கற்றாய் என்று கேட்டீர்கள் ஐயா. யாரிடமும் இல்லை. பெயிண்ட் அடிக்குமுன் சுவரைச் சுரண்டுவோம். ஈரம் பூத்த கறையில் மூக்கும் முழியும் தெரியும். அதைப் பார்த்துப் பழகியதுதான். மிச்சப் பெயிண்ட், உடைந்த பலகை, வேறு செலவில்லை. எனக்கென்று ஒரே ஓர் ஒழுங்கு உண்டு: கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன்.

விழுகிற மனிதன் ஒருவனை வரைய ஆசைப்பட்டேன். மாப்பிள்ளையை முக்காலி மேல் ஒற்றைக் காலில் நிறுத்தினேன்.

“மச்சான், விழுற மாதிரியே எவ்வளவு நேரம் நிக்கிறது? இடுப்பு கழண்டுடும்போல.”

“விழுறவன் பல்லைக் காட்ட மாட்டான் மாப்ள.”

“நூறு ரூபாய்க்கு அழவும் செய்யணுமா?”

இருபது தடவை வந்தான். இருபது பலகையும் வீண். கைகளை மேலே தூக்கி வரைந்திருந்தேன். பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி இருந்தது. அவன்மேல் குறையில்லை. அவன் விழவில்லை, அவ்வளவுதான்.

சாரக் கயிற்றைத் தினமும் கட்டுவது நான். ஒருநாள் மூன்றாம் மாடியில் அவன் பக்கத்து முடிச்சை இறுக்காமல் விட்டேன். பார்ப்பதற்கு வசதியாக ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

விழும்போது அவன் கை மேலே போகவே இல்லை ஐயா. யாரோ பிடுங்க வருவதுபோல் பிரஷ்ஷை மார்போடு அணைத்துக்கொண்டான். தரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். “மச்சான்” என்றான். இதெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் வராது.

கயிறு அறுந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். படத்தில் மட்டும் அவிழ்ந்த முடிச்சையே வரைந்தேன். அதைப் பார்த்துத்தான் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள். மாற்றி வரைந்திருக்கலாம், மனம் ஒப்பவில்லை.

அடக்கம் முடிந்து தங்கை வந்தாள். “அண்ணே, உன் பணம் இன்னும் பாக்கி இருக்காமே. நாலு வீட்டுல வேலை செஞ்சாவது தந்துடறேன்.”

மீதி இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. “வேண்டாம்மா, அது கழிஞ்சுபோச்சு” என்றேன். அந்தக் கடைசித் தடவைக்கு அவ்வளவு தகும். உழைத்தவன் கூலியைப் பிடித்துவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.