கைத்தாங்கல்

ஒரு அலுவலகம் உருப்படுமா, உருப்படாதா என்பதை அங்குள்ள நாற்காலிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் முதன்முதலாக அந்த நகர மன்றத்துக்குள் நுழைந்தபோது, வரி கட்ட வந்த ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலிகளில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்து எனக்கு இழுத்துப் போட்டார்கள். நான் அதை அந்தக் கிழவருக்குக் கொடுத்தேன். அந்த ஒரு காரியத்தில் பாதி ஊர் என் பக்கம் வந்துவிட்டது. எனக்கு இதெல்லாம் கைவந்த கலை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்பதிலிருந்து நீங்கள் இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினால் நல்லது.

நொடித்துப்போன மன்றங்களைத் தூக்கி நிறுத்த மேலிடத்தில் ஒரு மேம்பாட்டுத் திட்டம் உண்டு. அதன் பெயர் நீளமானது. நாங்கள் கைத்தாங்கல் என்போம். என்னைப் போன்ற ஆலோசகர் ஒருவர் போய்க் கூடவே இருந்து வேலையைப் பழக்குவார். மன்றம் தேறியதும் ஒரு குழு வந்து பார்த்து, ‘சொந்தக் காலில் நிற்கிறது’ என்று சான்று கொடுக்கும். அதோடு ஆலோசகர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் போனபோது அந்த ஊர்க் குழாயில் சேறு வந்துகொண்டிருந்தது. தலைவியாக வந்திருந்த பெண் அதற்கு முன் தையல் கடை வைத்திருந்தவள். நல்ல மூளை, ஆனால் பயம். முதல் மாதம் என்னை ‘சார்’ என்றாள், பிறகு ‘அண்ணா’ என்றாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

நான் அங்கே செய்த பெரிய மாற்றம் திங்கட்கிழமைக் கூட்டம். யாரும் அடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. எது கெட்டுப்போயிருந்தாலும் அவரவர் தம் பங்கை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வாரம் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கர்தான் வாயைத் திறந்தார்.

“என் பங்குன்னு பார்த்தா, நான் இந்த வேலையில சேர்ந்ததுதான் சார் முதல் தப்பு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இறுக்கம் விட்டுப்போயிற்று. ஆறேழு மாதத்தில் அவர்கள் அதில் என்னையே மிஞ்சிவிட்டார்கள். ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் மூன்று பேர் “என் தப்பு” என்று எழுந்து நிற்பார்கள்.

அதில் முதல் ஆள் பம்ப் ஆப்பரேட்டர். அவனைச் சொட்டு என்பார்கள். பெயரைக் கேட்டு வழுக்கைத்தலை என்று நினைத்துவிடாதீர்கள், தலை நிறைய முடி. குடிநீர்த் தொட்டிக்கு மேலே குளோரின் கரைசல் வைத்த பீப்பாய் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன வால்வு வழியாகக் கரைசல் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழ வேண்டும். அந்தச் சொட்டுகளை அவன் பக்கத்தில் நின்று எண்ணுவான். தினமும் வால்வை மூடி, அடைப்பைச் சுத்தம் செய்து, மறுபடி திறப்பான். பிறகு தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பான். இதெல்லாம் நான் பழக்கியது.

ஊர் தேறியது. எனக்குச் சந்தோஷம்தான், அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு திங்கட்கிழமை நான் போனபோது, பேருந்து நிலையத்துச் சாக்கடைப் பிரச்சினை பேசி முடிந்திருந்தது.

“உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நாங்களே முடிச்சிட்டோம் அண்ணா” என்றாள் தலைவி. அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “அடுத்த மாசம் சான்றுக் குழு வருது. உங்களுக்கு ஒரு வழியனுப்பு விழா வைக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க.”

நல்லது என்றேன்.

தலைமை அலுவலகத்தில் என் மேஜை கழிவறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கே என்னைத் தேடி யாரும் வருவதில்லை, கடந்து போவார்கள். என் மனைவி மகளோடு போய் இருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று தொலைபேசியில் கேட்பாள், பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த ஊரில் நான் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஒரு சின்னத் தடுமாற்றம் போதும் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சோதனையில் ஒரு சிவப்புக் குறி விழுந்தால், சான்று தள்ளிப்போகும். என்னை இன்னும் ஓர் ஆண்டு இருக்கச் சொல்வார்கள். மழைக்காலம் வேறு, ஆறு கலங்கி ஓடியது. சொட்டு இருக்கும்வரை அது நடக்காது. எனவே அவனை வெளியூரில் நடக்கும் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பும்படி தலைவியிடம் சொன்னேன். அவன் மனைவிக்கு அது நிறைமாதத்துக்கு முந்தைய மாதம். அவன் தயங்கினான்.

“இந்த நேரத்துல வேணாமே சார்.”

“அடுத்த பயிற்சி எப்பன்னு தெரியாதுப்பா. இங்க நான் பார்த்துக்க மாட்டேனா?” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் போனான். மோட்டாரைப் போட்டு நிறுத்த மட்டும் ஒரு தற்காலிக ஆள் வந்தான். சோதனையை நான் கவனித்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். சொட்டு பஸ் ஏறிய அன்று மத்தியானம் பம்ப் அறைக்குப் போய் அந்தச் சின்ன வால்வை மூடினேன். அதற்கு இரண்டு விரல் போதும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளத்துத் தெருவில் தொடங்கியது. வாந்தி, பேதி. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட வேண்டியதாயிற்று. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வால்வு மூடிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தவன் போல எல்லோரிடமும் சொல்லி, நான் அதைத் திறந்துவிட்டேன். ஆனால் குழாய்களில் இருந்தது இருந்ததுதான். அன்று தலைவி எனக்குப் போன் செய்து அழுதாள். “அண்ணா, எங்களால முடியல. நீங்க போயிடாதீங்க அண்ணா” என்றாள்.

அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். எத்தனையோ முறை அதை வேறு ஏதாவது பெயரிட்டு அழைத்துப் பார்த்தேன். இல்லை, அது சந்தோஷம்தான். அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சொட்டு திரும்பி வந்தபோது அவன் மனைவி உயிரோடு இல்லை. குழந்தையும் இல்லை.

விசாரணைக் குழு மன்றத்தில் வந்து உட்கார்ந்தது. நான் பயந்துகொண்டிருந்தேன். யாராவது ஒருவர் என் பக்கம் கையை நீட்டினால் போதும். ஆனால் நான்தான் அவர்களை நன்றாகப் பழக்கியிருந்தேனே. தலைவி எழுந்து, பயிற்சிக்கு அனுப்பி உத்தரவு போட்டது நான்தான், என் தப்பு என்றாள். கணக்கர், தற்காலிக ஆளை விசாரிக்காமல் எடுத்தது என் தப்பு என்றார். அந்தத் தற்காலிக ஆள்கூட, சோதனை நடந்ததா என்று சாரிடம் கேட்காதது என் தப்பு என்றான். கடைசியாகச் சொட்டு எழுந்தான்.

“கிளம்புற அவசரத்துல வால்வைச் சுத்தம் பண்ணிட்டு திறக்காம விட்டுட்டேன் போல. திறந்த மாதிரி ஞாபகமே இல்லைங்க. நான்தான்.”

ஞாபகம் எப்படி இருக்கும்? தினமும் செய்கிற வேலை யாருக்கு நினைவில் நிற்கிறது? வீட்டைப் பூட்டியதையே நாம் பாதி வழியில் வந்து மறந்துபோகிறோம். அவன் பொய் சொல்லவில்லை. தன்னைத்தானே குடைந்து குடைந்து அந்தத் தவற்றைக் கண்டுபிடித்திருந்தான். அவனைக் கைது செய்தார்கள். பொறுப்பை மறைக்காத மன்றம் என்று குழு பாராட்டி எழுதியது. கைத்தாங்கல் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது.

இன்று காலை அவனைச் சிறையில் போய்ப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மன்னிப்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு போனேன் என்று நினைக்கிறேன். அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: “சார், அந்த வால்வு பக்கத்துல ‘திறந்தாச்சா?’ன்னு பெருசா ஒரு பலகை எழுதி மாட்டச் சொல்லுங்க. அடுத்து வர்றவன் என்னை மாதிரி மறந்துடக் கூடாது.”

சரிப்பா என்றேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பஸ்களை விட்டுவிட்டு, பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்தேன்.

சாதாரண வயிற்று வலியோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன், யாரும் சாவார்கள் என்று நினைக்கவில்லை: வந்தவுடன் இப்படித்தான் உங்களிடம் முதலில் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

வால்வை மூடிய மூன்றாம் நாள், சொட்டுவின் வீட்டுக்குப் போனேன். பயிற்சி நன்றாக நடக்கிறது என்று சொல்லி, ஒரு நல்லவனாக வாசலில் நிற்கத்தான் போனேன். மழை விட்டுப் புழுக்கமாக இருந்தது. அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாக்கு வறண்டிருந்தது, ஆனாலும் வேண்டாம்மா என்றேன். “அவர் பார்த்துப் பார்த்து விடுற தண்ணி சார், தைரியமா குடிங்க” என்று சிரித்தாள். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். கொண்டுவந்ததை எதற்குக் கொட்டுவது என்று அவளே குடிக்கத் தொடங்கினாள்.

குடிக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.