செனட்டரின் உதட்டில் தூண்டில் முள்

பேசாதீங்க செனட்டர், உதடு ஆடுது. ஊசி போட்டாச்சு, இப்ப மரத்துரும். டாக்டரா? இங்க ஏது டாக்டர், நர்ஸு நான்தான். நான் எழுதற மருந்துக்குக் கையெழுத்துப் போடற டாக்டர் நகரத்துல இருக்காரு, நானே அவர நேர்ல பாத்ததில்ல. அறுபது மைல் போறீங்களா? வேணாமா? நானே எடுக்கட்டுமா? சரி.

இதே வாயாலதான சட்டசபையில பேசுனீங்க. நர்ஸு எவ்ளோ படிச்சாலும் நர்ஸுதான், தலைக்கு மேல ஒரு டாக்டர் இல்லாம மருந்து எழுத விட்டா ஜனங்க உசுருக்கு யாரு பொறுப்புன்னீங்க. கை தட்டுனாங்களே! பார்வையாளர் மாடத்துல உக்காந்து நானும் கேட்டேன்.

முள்ளப் பின்னால இழுக்க முடியாது, முனையில எதிர்முள்ளு இருக்கு. முன்னால தள்ளி, நறுக்கிட்டுதான் உருவணும். வலிக்கலயே?

டாக்டர் ஹாலிஸ் ஞாபகம் இருக்கா? முன்னாடி எனக்குக் கையெழுத்துப் போட்டவரு. நல்ல மனுஷன், எப்பவாச்சும் வந்து காப்பி குடிச்சிட்டுப் போவாரு. அந்தச் சட்டத்த மாத்தணும்னு நான் உங்க சபையில வந்து சாட்சி சொன்னேன் பாருங்க, மறுவாரமே வெர்னா, இனி கையெழுத்துக்கு வேற ஆளப் பாத்துக்கன்னுட்டாரு. யாரு போன் போட்டு மெரட்டுனதுன்னு அப்புறம் அவரே அழுதுகிட்டு சொன்னாரு. கண்ண ஏன் மூடறீங்க? வெளக்கு கூசுதா?

கையெழுத்து இல்லாம ஒரு மாத்திர எழுதக் கூடாதே. பூட்டிட்டேன் கிளினிக்க. ஜனவரி பூரா பூட்டு. அப்ப ஒரு பொம்பள வந்து வீட்டுக் கதவத் தட்டுறா. ஆஸ்துமா. இழுக்கற மருந்து தீந்துபோச்சு, எழுதிக் குடுடீங்கறா. முடியாதுன்னேன். உங்க சட்டத்த மதிச்சேன் சார். நகரத்துக்குப் போகச் சொன்னேன். பனியில தனியா வண்டி ஓட்டிட்டுப் போனா. கோதுமக் கிடங்கு தாண்டி, எஞ்சின் ஓடிக்கிட்டே வண்டி நிக்குது, அவ ஸ்டியரிங் மேல சாஞ்சு கெடக்கறா.

யாரா? லோயிஸ். எங்கக்கா.

ஐய, கைய எதுக்குப் புடிக்கறீங்க? விடுங்க. முள்ளு வந்துருச்சு, இந்தாங்க. தையல் வேணாம். சூடா எதுவும் குடிக்காதீங்க, சீழ் வச்சா உடனே வாங்க. வரலாம், இது எல்லாருக்கும்தான்.

பயந்துட்டீங்களா? அக்காவ நெனச்சு வாயக் கிழிச்சிருவேன்னு? சே. இந்த நாற்காலியில வந்து உக்காந்துட்டா எனக்கு எல்லாரும் நோயாளிதான். பழி வாங்க நல்ல எடமெல்லாம் வெளிய இருக்கு. காலையில கவுண்டி தேர்தல் ஆபீஸுக்குப் போய் மனு குடுத்துட்டுதான் வந்தேன். ஆகஸ்ட்ல உங்க கட்சிக்குள்ளயே வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற ஓட்டு இருக்குல்ல, அதுல உங்க சீட்டுக்கு நான் நிக்கறேன். ஹாலிஸும் மேடையேறி அந்தப் போன் கதையச் சொல்றேன்னிருக்காரு.

யாரும் பாக்க வேணாம்னா பின்வாசல் வழியா போங்க. படி ஈரமா இருக்கு, பாத்து.