பீரோவுக்குப் பின்னாடி

— வந்து பாரும்மா, உன் மேனேஜர் மறுபடியும் பீரோவுக்குப் பின்னாடி நனைச்சு வச்சிருக்காரு.

— இப்பதான் பாத்தேம்ப்பா. துணி எடுத்துட்டு வரேன். மெதுவாப் பேசுங்க, அது கட்டிலுக்கு அடியில நடுங்கிட்டுக் கெடக்கு.

— நாய்க்கு மேனேஜர்னு பேர் வச்சப்பவே நெனச்சேன், உருப்படியா ஒரு வேலை நடக்காதுன்னு. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். உன் அத்தை வீட்டுல கொண்டு போய் விட்டுடறேன்.

— நேத்து டாக்டர்கிட்ட காட்டினேன்ப்பா. நோய் ஒண்ணும் இல்லையாம்.

— அப்ப திமிரு. காலையில அரை மணி நேரம் தெருத்தெருவா கூட்டிட்டுப் போறேன். ஒரு சொட்டு விடறதில்ல. நான் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள்ள வேலையைக் காட்டுது.

— சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்து கூட்டிட்டுப் போனா முதல் மரத்துலயே போயிடுது. டாக்டர் அதைத்தான் பிடிச்சுக்கிட்டார். அப்பா எப்பவாவது அடிச்சாரான்னு கேட்டார்.

— நான் எங்க அடிச்சேன்? ஒரே ஒரு தடவை என் கண்ணு முன்னாடியே கூடத்துல போச்சு. மூக்கைப் பிடிச்சு அதுல தேய்ச்சு நாலு சத்தம் போட்டேன். தப்புன்னு அதுக்குத் தெரிய வேணாமா?

— தெரிஞ்சுகிச்சுப்பா. ஆனா வீட்டுக்குள்ள போறது தப்புன்னு இல்ல, நீங்க பாக்கும்போது போறது தப்புன்னு. வெளியிலயும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அதையே முறைச்சிட்டு நிக்கிறீங்க. எப்படிப் போகும்?

— இருபத்திரண்டு வருஷமா பஸ்ல டிக்கெட் செக் பண்றேம்மா. என்னைப் பாத்ததும் பதுங்குறவன்கிட்ட டிக்கெட் இருக்காது. ஒளிஞ்சா தப்புப் பண்ணியிருக்கான்னு அர்த்தம்.

— சில பேர் டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டே பை பையாத் தேடுவாங்கன்னு நீங்கதானே சொல்லிச் சிரிப்பீங்க?

— அதுவும் உண்டுதான்.

— அது பயம்தானேப்பா?

— சரி, டாக்டர் என்னதான் செய்யச் சொல்றார்?

— நீளமாக் கயிறு விட்டு, முகத்தை வேற பக்கம் திருப்பிக்கணுமாம். வெளியில போச்சுன்னா தட்டிக் குடுக்கணும். உள்ள போச்சுன்னா பேசாமத் துடைச்சிடணும். காலையில அடக்குறதை பதினொரு மணி வரைக்கும் தாங்குதுப்பா. அப்புறம் வாசக் கதவை மூணு தடவை பிராண்டுது. யாரும் திறக்கலேன்னாதான் பீரோவுக்குப் பின்னாடி போகுது.

— பதினொரு மணிக்கு நீ காலேஜ்ல இல்ல இருப்ப?

— கொஞ்சம் தள்ளுங்கப்பா, துடைக்கணும்.

— குடு, நான் துடைக்கிறேன். பாவம், வாயில்லா ஜீவன். பதினொரு மணி வரைக்கும் அடக்கிட்டு என்ன பாடு பட்டுச்சோ. அத்தை வீடெல்லாம் வேணாம், இங்கயே இருக்கட்டும்.

— நெசமாவா? இனிமே கத்த மாட்டீங்களே?

— மாட்டேன்.

— என்ன செஞ்சிருந்தாலும்?

— என்ன செஞ்சிருந்தாலும். இதோ, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டேன், போதுமா? மேனேஜர் சார், தைரியமா வெளிய வாங்க.

— அப்பா, அப்படியே சுவரைப் பாத்துக்கிட்டு இருங்க. அது கதவைப் பிராண்டுறப்ப நான் உள்ளதான் இருந்தேன். என்னை யாராவது பாத்து உங்ககிட்ட சொல்லிடுவாங்கன்னுதான் திறக்கல. நான் காலேஜுக்குப் போறதை நிறுத்தி ஒன்றரை மாசம் ஆச்சுப்பா.